பதினைந்து நயா பைசாக் கொசு

தபால் தலையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் அறைத் தோழன் சிரித்தான். "டேய், லெட்டரே யாரும் போடறதில்ல. ஸ்டாம்ப் பத்தி எழுதினா யாருடா படிப்பா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் இது வெறும் தபால் தலைக் கதை இல்லை. ஒரு கொசு, என் தாத்தா, நான் சாப்பிடாமல் விட்ட ஒன்பது மாத்திரைகள் எல்லாம் இதில் வருகின்றன. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், படிப்பது சென்னையில். 2023-ல் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து வடசென்னையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடி எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலேயே உடைந்துவிட்டதாம். "மூடி வாங்கணும்டா" என்று நாலு பேரும் சொல்வோம். யாரும் வாங்க மாட்டோம். நாலு பேருக்குப் பொதுவான செலவு என்றால் அது யாருடைய செலவும் இல்லை என்று அர்த்தம்!

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம் எனக்குக் குளிர ஆரம்பித்தது. சென்னை வெயிலில் குளிர்! நண்பர்களின் போர்வைகளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டும் பல் தந்தியடித்தது. பிறகு காய்ச்சல் கொளுத்தியது. பிறகு சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்து, எல்லாம் அடங்கிப் போனது. மறுநாள் ஒன்றுமில்லை, எழுந்து கல்லூரிக்குப் போனேன். அதற்கு அடுத்த நாள், அதே நேரத்துக்கு, மறுபடியும் குளிர். ரத்தப் பரிசோதனையில் மலேரியா, வைவாக்ஸ் வகை என்று வந்தது.

குளோரோகுயின் மூன்று நாளைக்கு, பிரைமாகுயின் பதினான்கு நாளைக்கு என்று மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விட்டது. ஐந்தாம் நாள் எனக்கு இன்டர்னல் தேர்வு. மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டியது. காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டேன். மிச்சம் ஒன்பது மாத்திரைகள் பையின் ஓரத்தில் கிடந்தன.

2024 பிப்ரவரியில் அதே குளிர் திரும்ப வந்தது.

மலேரியாவைப் பற்றி எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. வைவாக்ஸ் கிருமிகளில் ஒரு பகுதி ரத்தத்தில் சுற்றும், இன்னொரு பகுதி கல்லீரலில் போய்த் தூங்கும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பவற்றைக் கொன்றுவிடும், காய்ச்சலும் விட்டுவிடும். தூங்குகிறவற்றை அது ஒன்றும் செய்யாது. அவற்றைக் கொல்லத்தான் அந்தப் பதினான்கு நாள் பிரைமாகுயின். அதைப் பாதியில் விட்டால், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து அவை விழித்துக்கொண்டு வரலாம். புதிதாக ஒரு கொசு கடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இந்த முறை அப்பா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கேதான் தாத்தாவிடம் மாட்டினேன்.

என் தாத்தா 1961-ல், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் கண்காணிப்பு ஊழியராகச் சேர்ந்தவர். பிறகு சுகாதாரத் துறையிலேயே வேறு வேறு வேலைகள் பார்த்து ஓய்வு பெற்றார். ஊரில் பெரியவர்கள் இன்னமும் அவரை 'மலேரியாக்காரர்' என்றுதான் சொல்வார்கள். நான் மாத்திரையை நிறுத்திய கதையைக் கேட்டதும் அவர் திட்டவில்லை. "காய்ச்சல் போனா வியாதி போச்சுன்னு யாருடா உனக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "படுத்துத்தான கெடக்க, பாரு" என்றார்.

தாத்தா தபால் தலை சேர்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆல்பத்தைத் திறந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதில் ஒரு பக்கம் முழுக்கக் கொசுக்கள்! ஒவ்வொரு நாட்டுத் தபால் தலையிலும் அதே சின்னம். பாம்பு சுற்றிய கோல் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் சின்னமும், கூடவே ஒரு கொசுவும். எல்லாமே 1962-ஆம் வருஷத்தவை.

அந்தக் கதை இதுதான். 1955-ல் மெக்சிகோ நகரில் கூடிய எட்டாவது உலக சுகாதார மாநாடு, மலேரியாவை உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று முடிவு செய்தது. கையில் டி.டி.டி. இருந்தது. அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-லேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று. வீட்டுச் சுவரில் அடித்துவிட்டால் மாதக்கணக்கில் அதன் வீரியம் இருக்கும். கடித்துவிட்டுச் சுவரில் போய் உட்காருகிற கொசு செத்துப்போகும். சில வருஷம் விடாமல் அடித்தால் கிருமி ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்குப் போகிற வழி அறுந்துவிடும். பிறகு மிச்சம் மீதி நோயாளிகளைத் தேடிப் பிடித்து மருந்து கொடுத்தால் கதை முடிந்தது. இதுதான் திட்டம்.

இதை உலகத்துக்குச் சொல்ல, எல்லா நாடுகளும் ஒரே சமயத்தில் தபால் தலை வெளியிடட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. 1962-ல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் வெளியிட்டன. அமெரிக்காவும் ஐ.நா.வின் தபால் துறையும் மார்ச் 30-ஆம் தேதியே வெளியிட்டன. அமெரிக்கத் தபால் தலை 4 சென்ட். மலேரியாவுக்கு எதிராக உலகம் ஒன்றுபட்டது என்று அதில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். பல நாடுகள் உலக சுகாதார தினமான ஏப்ரல் 7 அன்று வெளியிட்டன. இந்தியா வெளியிட்டதும் அன்றைக்குத்தான், 15 நயா பைசா. பனிப்போர் உச்சத்தில் இருந்த வருஷம் அது. அக்டோபரில் கியூபா விஷயத்தில் உலகமே அழிந்துவிடும் போலிருந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் இத்தனை நாடுகள் ஒரு கொசுவுக்கு எதிராக ஒரே படத்தை அச்சடித்தன என்றால் சின்ன விஷயமா?

தாத்தா பட்டுக்கோட்டைத் தபால் ஆபீஸில் அதை இரண்டு வாங்கினாராம். ஒன்றை ஆல்பத்தில் வைத்தார். இன்னொன்றை ஒட்டி, கொழும்பில் கடையில் வேலை பார்த்த தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். "நான் செய்யற வேலைய கவர்மெண்ட்டு ஸ்டாம்புல போட்டுருக்கு பாருன்னு எழுதினேன்" என்று சொல்லும்போது, 83 வயதிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை. அண்ணனும் சும்மா இருக்கவில்லை. பதில் கடிதத்தில் இலங்கை வெளியிட்ட 25 சத மலேரியா தபால் தலையை ஒட்டி அனுப்பினார். ஆல்பத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இலங்கைத் தலையின் மேல் கொழும்பு முத்திரை பாதி விழுந்திருக்கிறது.

எங்கள் பட்டுக்கோட்டைக்கும் இந்த உலகக் கதைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1934-ல் மேட்டூர் அணை திறந்து, புதிய கால்வாய்களில் காவிரித் தண்ணீர் பட்டுக்கோட்டைத் தாலுகாவுக்கு வந்தது. தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. கசிவு, தேங்கல், சரியான வடிகால் இல்லாமை எல்லாம் கொசுவுக்கு வசதியாகிவிட்டன. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் இங்கே வந்து ஆராய்ந்தார். ஒழுங்கில்லாத பாசனத்தால் வந்த மலேரியா என்று 1938-ல் கட்டுரையே எழுதினார். பிற்காலத்தில் உலக ஒழிப்புத் திட்டத்துக்கு யோசனை சொன்ன முக்கியமான நிபுணர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஊர் வாய்க்கால் கொசுவைப் பார்த்தவர் உலகத்துக்கே திட்டம் போட்டார் என்று நினைத்தால் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. :)

சரி, காமர்ஸ் மாணவன் தபால் தலையைப் பார்த்தால் என்ன யோசிப்பான்? காசைத்தான்!

தபால் தலை என்பது முன்பணம் வாங்கிக்கொண்ட சேவை. கடிதத்தில் ஒட்டினால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு தபால் துறைக்கு உண்டு. ஆல்பத்தில் ஒட்டினால் அந்தச் செலவே கிடையாது, அச்சுக்கூலி போக மிச்சம் லாபம். ஆக, 1962-ல் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் வாங்கி வைத்த கொசுத் தபால் தலைகளால் தபால் துறைகளுக்கு நல்ல வருமானம்தான். அந்த வருமானம் கொசுவை ஒழிக்கப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

தபால் தலை மூலமாகவே நேரடியாகப் பணம் திரட்டிய உதாரணங்களும் உண்டு. மெக்சிகோ 1939-ல் ஒரு சென்டாவோ தபால் வரித் தலை வெளியிட்டது. ஒரு மனிதனைப் பெரிய கொசு ஒன்று தாக்குவது போன்ற படம். தபால் கட்டணத்துக்கு மேல் இதையும் கட்டாயம் ஒட்ட வேண்டும். அந்தப் பணம் மலேரியாவுக்கு எதிரான வேலைக்கு. 1962-லும் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் பலவும் 25 பிராங்க் தலையில் '+5' என்று அச்சடித்து விற்றன. அந்த 5 பிராங்க் மலேரியாவுக்கான நன்கொடை. அப்படி ஒன்றை, அப்போது தஹோமி என்றும் 1975 முதல் பெனின் என்றும் அழைக்கப்படுகிற நாட்டினுடையதை, நான் சென்னையில் பழைய தபால் தலை விற்பவரிடம் 40 ரூபாய்க்கு வாங்கினேன்.

அதை வாங்கிய பிறகு படித்த விஷயம்தான் என்னை உறுத்தியது. உலக ஒழிப்புத் திட்டம் என்று பெயர் இருந்தாலும், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அதில் சேர்க்கப்படவே இல்லை. சில இடங்களில் முன்னோட்ட வேலைகள் நடந்தன, அவ்வளவுதான். அங்கே நோய் பரவும் வேகம் அதிகம், சாலையும் மருத்துவமனையும் குறைவு, இப்போதைக்கு முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் தபால் தலை மட்டும் அங்கேயும் வெளியானது, நன்கொடையோடு சேர்த்து! கொசுக்கடி அதிகம் பட்டவன் பணமும் கொடுத்தான், திட்டத்துக்கும் வெளியே நின்றான். என் ஆல்பத்தில் அந்த '+5'-ஐப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வருகிறது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். சுதந்திரம் வாங்கிய சமயத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பலன் பிரமாதமாக இருந்ததால் 1958-ல் அதன் பெயரையே ஒழிப்புத் திட்டம் என்று மாற்றினார்கள். கட்டுப்பாடு என்பது ஒழிப்பு ஆகிவிட்டது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது பெரிய மாற்றம்.

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ஒரு பாடம் வரும். மூலதனச் செலவு என்பது ஒரு தடவை பெரிதாகச் செய்து பல வருஷம் பலன் அனுபவிப்பது, இயந்திரம் வாங்குவது மாதிரி. வருவாயினச் செலவு என்பது அன்றாடம் செய்துகொண்டே இருக்க வேண்டியது, வாடகை, கூலி மாதிரி. ஒன்றை இன்னொன்றின் தலைப்பில் எழுதினால் லாப நட்டக் கணக்கே பொய்யாகிவிடும் என்று எங்கள் வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார். கட்டுப்பாடு என்றால் வருஷா வருஷம் செலவு, முடிவே இல்லை. ஒழிப்பு என்றால் சில வருஷம் பெரிய செலவு, பிறகு நிம்மதி. எந்த நிதியமைச்சருக்கும் இரண்டாவதுதான் பிடிக்கும். அமெரிக்கா பெரும் பணம் கொடுத்ததும் அந்த நம்பிக்கையில்தான். 1962 தபால் தலைகள் ஒரு வகையில் அந்த நம்பிக்கைக்கான விளம்பரம்.

அது வெறும் விளம்பரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1965-ல் மலேரியா கண்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்தான். ஏழரைக் கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே! இலங்கையில் இன்னும் ஆச்சரியம். 1934-35-ல் வந்த கொள்ளை மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்த தீவு அது. தபால் தலை வெளியிட்டதற்கு அடுத்த வருஷம், 1963-ல், அங்கே பதிவான மலேரியா மொத்தமே 17 பேருக்கு. எழுத்துப் பிழை இல்லை, பதினேழுதான்.

பிறகு என்ன ஆயிற்று? காய்ச்சல் போய்விட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

இலங்கையில் மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். வீடு வீடாகத் தேடும் வேலையும் தளர்ந்தது. ரத்தினக் கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்று கொசு பெருகியது. 1969-ல் இலங்கையில் மலேரியா கண்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் 1976-ல் 64 லட்சம். கொசு டி.டி.டி.க்குப் பழகிப்போனதும், கிருமி மருந்துக்குப் பழகிப்போனதும், பணம் குறைந்ததும் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அமெரிக்கப் பணத்தின் பெரிய ஓட்டம் 1963-லேயே நின்றிருந்தது. 1969-ல் பாஸ்டனில் கூடிய உலக சுகாதார மாநாடு, எல்லா நாட்டிலும் உடனே ஒழிப்பது நடக்காது என்று ஒப்புக்கொண்டு வழியை மாற்றிக்கொண்டது. தபால் தலை வெளிவந்து ஏழே வருஷம்.

இதையெல்லாம் நான் செல்போனில் படித்துப் படித்துத் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்தீர்கள், மேலே இருந்தவர்கள்தான் கோட்டை விட்டார்கள் என்ற தொனியில் ஏதோ சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திண்ணைச் சுவரைக் காட்டினார்.

அந்தச் சுவரில் அந்தக் காலத்தில் ஒரு கட்டம் இருக்குமாம். என்.எம்.இ.பி. என்று அச்சு வைத்து எழுதி, கீழே தேதிக்கான கட்டங்கள். பத்தாயிரம் பேருக்கு ஒரு ஊழியர். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, மாத்திரை கொடுத்து, சுவரில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். முதலில் ஜனங்கள் மரியாதையாகப் பதில் சொன்னார்களாம். போகப் போக அலுத்துவிட்டது. "என்னய்யா, சும்மா சும்மா வந்து காய்ச்சலா காய்ச்சலான்னு கேக்குற? வரவழச்சுட்டுத்தான் போவ போலருக்கு" என்று ஒரு பாட்டி விரட்டினாராம். மருந்து அடிக்க வந்தால், "போன தடவ அடிச்சதுல மூட்டப்பூச்சிகூடச் சாகல, சுவத்தயும் நாசம் பண்ணிட்டுப் போயிட்டீங்க" என்று கதவைச் சாத்துவார்களாம்.

"மாசக்கணக்குல ஒரு காய்ச்சல் கெடையாது. வெயில்ல சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போவேன். எல்லா வீட்லயும் இல்ல, இல்ல, இல்லன்னுதான் பதில். ஒரு கட்டத்துல நானே அலுத்துட்டேன். தெருக்கோடியில அஞ்சு வீடு இருக்கும். உள்ள போயிக் கேக்காம, தெருவுலேர்ந்தே சுவத்துல தேதியப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

எத்தனை தடவை என்று கேட்டேன்.

"கொஞ்சம் தடவ" என்றார். "அடுத்த சுத்துல போனா, அதுல ஒரு வீட்ல ஒரு ஆளு வெளியூர் வேலைக்குப் போயிட்டு வந்து பத்து நாளா குளிர் காய்ச்சல்ல கெடக்கறான். நான் போட்ட தேதி சுவத்துல இருக்கு. அவன் பொழச்சுட்டான். பக்கத்து வீட்டுக்குப் பரவல. ஆனா அந்தத் தேதிய அழிக்க முடியல பாரு."

இதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். பாட்டிக்குத் தெரியுமோ என்னவோ, பாட்டி இப்போது இல்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் விட்டது ஒன்பது மாத்திரை, தாத்தா விட்டது ஐந்து வீடு, அரசாங்கங்கள் விட்டது எத்தனையோ வருஷ வேலை. மூன்றுக்கும் காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் மருந்து வேலை செய்ததால்தான் நான் நிறுத்தினேன். ஊரில் காய்ச்சல் இல்லாததால்தான் தாத்தா தெருவிலேயே நின்றுவிட்டார். நோய் இருக்கும்வரை செலவுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும். நோய் குறைந்த பிறகு, அதைக் குறைவாகவே வைத்திருக்கும் வேலைக்கு யாரும் தபால் தலை வெளியிடுவதில்லை, யாருக்கும் அதில் பெருமையும் இல்லை. வெற்றி வரும்போதுதான் அந்த வேலை வீண் செலவு மாதிரித் தெரிகிறது.

அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஜெயித்திருக்கிறார்கள் என்பதற்கும் இலங்கைதான் உதாரணம். உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் அங்கே மலேரியா வேலை நடந்தது. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 1963-ன் பதினேழைப் பூஜ்யமாக்கி, பூஜ்யமாகவே காப்பாற்ற அரை நூற்றாண்டு ஆனது. இப்போதும் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களின் ரத்தத்தை அங்கே சோதிக்கிறார்கள். சான்றிதழ் வாங்கியதோடு கணக்கை மூடிவிடவில்லை.

இந்தியா 2030-க்குள் மலேரியாவை இல்லாமல் ஆக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறது. உலகக் கணக்கு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. 2023-ல் சுமார் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5,97,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இறந்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில், அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். 1962-ல் திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே நிலம்தான். என்னிடம் '+5' தலை இருக்கிறதே, அந்த பெனின் நாட்டில் 2024 ஏப்ரலில் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். தபால் தலை வந்து 62 வருஷம் கழித்து! அந்த 5 பிராங்குக்கு இப்போதாவது ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன்.

இந்தத் தடவை என் மாத்திரைக்குத் தாத்தாதான் பொறுப்பு. தினசரிக் காலண்டரைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதன் அட்டையில் பேனாவால் பதினான்கு கட்டம் போட்டார். காலையில் நான் சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைக் கையில் வைப்பார். விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அப்புறம் கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்து. பத்தாம் நாளே எனக்கு ஊர் சுற்றுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "இன்னும் நாலு இருக்கு" என்றார். பதினான்காவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது அவர் கை நடுங்கியது. வயசுதான் காரணம் என்றார்.

கிளம்புகிற அன்று அந்த 15 நயா பைசாத் தலையை ஆல்பத்திலிருந்து எடுத்து, ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார். அது இப்போது என் பர்ஸில் இருக்கிறது. ஒட்டப்படாத தலை, தபால் துறைக்கு இன்றுவரை லாபம்தான்!

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக்கு மூடி வாங்கினேன். நாலாகப் பங்கு போட்டு வசூல் பண்ண இரண்டு மாதம் ஆனது. அது மூலதனச் செலவு. வாரம் ஒரு தடவை மேலே ஏறி, மூடி சரியாக இருக்கிறதா, பக்கத்தில் எங்காவது தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது வருவாயினச் செலவு. அதை நாலு பேரில் யாரும் பங்கு போட்டுக்கொள்ளத் தயாராக இல்லை. அதனால் நானே ஏறுகிறேன். நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், சாக்கடையில் இல்லை.

உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? இருக்கும் என்று இங்கிருந்தே தேதி போட்டுவிடாமல், ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.